முரண் தீர்த்த முனிவர் சமந்தபத்திரர்

உளதா, இலதா, ஒன்றா, பலவா, நிலையானதா, நிலையற்றதா என்னும் இரட்டை வினாக்களால் பண்டைய பாரதத்தின் தத்துவவாதிகள் பிரிந்து நின்றனர். மூலப்பொருள் என்றும் அழியாது என்றனர் சாங்கியர். யாவும் கணந்தோறும் அழியும் என்றனர் பௌத்தர். இரு கூற்றிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு, அக்கூற்றையே முழுமையெனக் கொள்வதே பிழை என்று தருக்கநெறியில் நிறுவியவர் தென்னாட்டுத் திகம்பர முனிவர் சமந்தபத்திர ஆசாரியர். அவர் 8ஆம் நூற்றாண்டின் அகளங்கதேவருக்கு முற்பட்டவர்.

துறவு பூண்ட அவரைப் பஸ்மகம் என்னும் அடங்காப் பசிநோய் பற்றியதாக வழிவழி வரலாறு கூறும். வேண்டுமளவு உண்டால் விரதம் கெடும். உண்ணாவிடில் உடல் கெடும். சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். இவரால் அறம் தழைக்கவேண்டும் என்றுணர்ந்த குரு அதற்கு இசையாது, முனிக்கோலத்தை நீக்கிப் பிணி தீர்த்துக்கொள்ளப் பணித்தார். உயிரினும் மேலாகப் போற்றிய கோலத்தைக் களைந்தவர், அரசன் ஒருவனின் கோயில் நிவேதனத்தை உண்டு நலம் பெற்றார். உண்மை வெளிப்பட, அங்குள்ள தெய்வத்தை வணங்குமாறு அரசன் ஆணையிட்டான். ஆசாரியரோ தீர்த்தங்கரர் 24 பேரையும் போற்றிச் சுயம்பு தோத்திரம் பாடினார். எட்டாமவரான சந்திரப்பிரபரைப் பாடுகையில் அப்பெருமானின் திருவுருவம் தோன்றியது என்பது மரபு. பின்னர் மீண்டும் தீக்கை பெற்றார்.

பாடலிபுத்திரம், மாளவம், சிந்து, காஞ்சி முதலிய இடங்களில் அவர் வாதமுரசு அறைந்ததைச் சிரவணபெளகொளாவில் உள்ள 1129ஆம் ஆண்டின் மல்லிசேனர் கல்வெட்டு போற்றுகிறது.

அவரது ஆப்தமீமாம்சை 114 சுலோகங்களில் இரட்டைகளை ஒவ்வொன்றாக ஆராய்கிறது. பொற்குடத்தை அழித்து முடி செய்தால், குடத்தை விரும்பியவன் வருந்துவான். முடியை விரும்பியவன் மகிழ்வான். பொன்னை மட்டும் நாடியவன் இரண்டும் இன்றி அமைவான். அழிவும் தோற்றமும் நிலைபேறும் ஒரே பொருளில் ஒருங்கே உள்ளன என்பது இதனால் விளங்கும். ஊழா முயற்சியா என்னும் வினாவிற்கும் அந்நூல் விடை தருகிறது: எண்ணாது வந்தெய்துவது ஊழின்பாற்படும், எண்ணி முயன்று பெறுவது முயற்சியின்பாற்படும். ஊழாக வந்த நோயை முயற்சியால் வென்றவர்க்கு இது ஏட்டறிவு மட்டுமன்று.

இல்லறத்தார்க்கு அவர் அருளிய இரத்தினகரண்டகம், தீர்வற்ற இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேரும்போதே சல்லேகனை உரியதென வரையறுக்கிறது. தமக்கு மறுக்கப்பட்டதன் நியாயத்தைப் பிறர்க்கு நெறியாக வகுத்த பெருந்தகை அவர். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைத் தமிழில் ஓதும் நம் இல்லங்களில் அவர் வாக்கு இன்றும் வாழ்கிறது.