இலக்கியம் பயின்ற உளவியலறிஞர்

படம் வரையும் குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். அதனைப் பொருளற்ற பேச்சென்று எண்ணிக் கடந்து செல்வோரே மிகுதி. அப்பேச்சு மனிதச் சிந்தனை வளரும் வழிகளுள் ஒன்று எனக் கண்டறிந்தவர் லெவ் வைகாட்ஸ்கி. உளவியல் உலகில் நிலைத்த புகழ் பெற்ற அவர், இளமையில் பயின்றவை சட்டமும் இலக்கியமும் வரலாறும் மெய்யியலுமே ஆகும்.

இளமைப் பருவம்

வைகாட்ஸ்கி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 17 ஆம் நாள் ஓர்ஷா என்னும் ஊரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசில் அடங்கியிருந்த அவ்வூர், இன்று பெலாரஸ் நாட்டில் உள்ளது. அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கோமெல் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் வங்கி அலுவலர். தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். பிள்ளைகள் எண்மருள் வைகாட்ஸ்கி இரண்டாமவர்.

தொடக்கக் கல்வியை அவர் வீட்டிலேயே ஓர் ஆசிரியரிடம் பெற்றார். விடையைக் கூறாமல், வினாக்களை எழுப்பி மாணவரையே சிந்திக்கச் செய்வது அவ்வாசிரியரின் முறை. பதினைந்து வயதில் வைகாட்ஸ்கி தம் தோழர்களுடன் வரலாறும் இலக்கியமும் பற்றிய உரையாடல்களை முன்னின்று நடத்தினார். அதனால் தோழர்கள் அவரைச் சிறு பேராசிரியர் என்றே அழைத்தனர்.

குலுக்கலில் கிடைத்த இடம்

1913 ஆம் ஆண்டு அவர் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை நிறைவு செய்தார். எனினும், பல்கலைக்கழகக் கதவு எளிதில் திறக்கவில்லை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களுக்கு நூற்றுக்கு மூன்று இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அதுவரை உயர்ந்த மதிப்பெண் பெற்ற யூத மாணவர்கள் அவ்விடங்களைப் பெற்று வந்தனர். அவ்வாண்டு முதல் மதிப்பெண்ணுக்கு மாறாகச் சீட்டுக் குலுக்கி இடம் வழங்குமாறு அரசு ஆணையிட்டது. பெற்ற பதக்கம் பயனற்றுப் போயிற்றே என அவர் மனம் தளர்ந்திருந்த வேளையில், குலுக்கலில் அவருக்கு இடம் கிடைத்தது.

அவர் உள்ளம் இலக்கியத்தையும் மெய்யியலையும் நாடியது. ஆனால், அவற்றைப் பயின்றோர் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராவதே வழக்கம். யூதருக்கோ அரசுப் பணி மறுக்கப்பட்டிருந்தது. எனவே, பெற்றோர் விரும்பியவாறு மருத்துவத்தில் சேர்ந்தார். அது அவருக்குப் பொருந்தவில்லை. ஒரு திங்களுக்குள் சட்டப் படிப்பிற்கு மாறினார். அதே வேளையில், சன்யாவ்ஸ்கி மக்கள் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மெய்யியலும் பயின்றார். அப்பல்கலைக்கழகம் வழங்கிய கல்விக்கு அரசின் ஏற்பு இல்லை. பட்டம் தராத அக்கல்வியே அவருடைய வாழ்வின் போக்கை வகுத்தது. அங்குப் பயின்ற காலத்தில், ஷேக்ஸ்பியரின் ஹேம்லட் நாடகத்தைப் பற்றி விரிவான ஆய்வுரை ஒன்றை எழுதினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

ஆசிரியப் பணியும் புதிய வினாவும்

1917 ஆம் ஆண்டில் யூதர் மீதான தடைகள் நீங்கின. கோமெல் திரும்பிய வைகாட்ஸ்கி பள்ளிகளில் இலக்கியம் கற்பித்தார். போரும் வறுமையும் நோயும் நாட்டை வாட்டிய காலம் அது. காசநோயுற்ற தம்பியை அருகிருந்து பேணினார், தம்பி இறந்தார். வைகாட்ஸ்கியையும் அந்நோய் பற்றியது. அதன்பின் அவர் வாழ்ந்த ஆண்டுகள் யாவும் அந்நோயின் நிழலிலேயே கழிந்தன.

வகுப்பறையில் இலக்கியம் கற்பித்த அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. கதையில் நிகழ்வது உண்மையன்று என்பதை அறிந்த பின்னும் படிப்பவர் கண்கலங்குவது ஏன் என்பதே அது. இலக்கியக் கல்வி மட்டும் இவ்வினாவிற்கு விடை தராது என உணர்ந்து, உளவியல் நூல்களைக் கற்கத் தொடங்கினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சிறிய உளவியல் ஆய்வகம் ஒன்றையும் அமைத்தார். பின்னர் கலையின் உளவியல் பற்றித் தாம் எழுதிய நூலுக்காக, இவான் புனினின் சிறுகதை ஒன்றைப் படிக்கும்போது மூச்சின் ஓட்டம் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பதிவு செய்து ஆராய்ந்தார். இவ்வாறு கலையும் அறிவியலும் அவருடைய ஆய்வில் ஒன்றிணைந்தன.

1924 ஆம் ஆண்டு சனவரியில், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உளவியலறிஞர் மாநாடு ஒன்று நடைபெற்றது. கோமெலிலிருந்து வந்த இருபத்தேழு வயது ஆசிரியர், எழுதிய குறிப்பு எதுவுமின்றித் தெளிவாக உரையாற்றினார். கேட்டோருள் ஒருவரான அலெக்சாந்தர் லூரியா பெரிதும் வியந்தார். விரைவில் மாஸ்கோ உளவியல் நிறுவனத்தில் பணியாற்றுமாறு வைகாட்ஸ்கிக்கு அழைப்பு வந்தது.

குழந்தைகளிடம் கண்ட உண்மைகள்

சொல் உள்ளத்தை எவ்வாறு இயக்குகிறது என்னும் பழைய வினாவையே வைகாட்ஸ்கி மாஸ்கோவிலும் தொடர்ந்தார். குழந்தைகள் வரையும்போது பென்சிலோ தாளோ கிடைக்காதவாறு சிறு இடையூறுகளை ஏற்படுத்திப் பார்த்தார். இடையூறு நேர்ந்தபோது, தமக்குத்தாமே பேசும் பேச்சு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவன் டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தபோது பென்சில் முனை முறிந்தது. அவன் அதனைத் தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு, நீர்வண்ணங்களை எடுத்து, விபத்தில் உடைந்த டிராம் வண்டியை வரையலானான். அவன் வாய்ச்சொல்லே அடுத்த செயலுக்கு வழிகாட்டியது. இத்தகைய பேச்சு வளர வளர உள்ளடங்கி, ஒலியற்ற சிந்தனையாகிறது என வைகாட்ஸ்கி விளக்கினார்.

ஒரு குழந்தையின் அறிவைத் தேர்வு முழுமையாக அளந்துவிடுமா என்றும் அவர் ஆராய்ந்தார். தனித்து விடையளிக்கும்போது இருவர் எட்டு வயதினர்க்குரிய கணக்குகளையே செய்கின்றனர் எனக் கொள்வோம். சிறிது உதவி கிடைத்தவுடன் ஒருவர் ஒன்பது வயதினர்க்குரியவற்றையும், மற்றவர் பன்னிரண்டு வயதினர்க்குரியவற்றையும் செய்யக்கூடும். தேர்வு காட்டுவது கடந்த வளர்ச்சியை. உதவியுடன் செய்வது வரவிருக்கும் வளர்ச்சியைக் காட்டுகிறது. இக்கருத்து அண்மை வளர்ச்சி மண்டலம் எனப்படுகிறது. பார்வையும் செவித்திறனும் இழந்த குழந்தைகளுக்கும், பிரெயில், சைகை போன்ற மாற்று வழிகளால் முழு வளர்ச்சி இயலும் என அவர் வலியுறுத்தினார்.

மொழி கற்றல் பற்றியும் அவர் எழுதினார். தாய்மொழியைக் குழந்தை தன்னை அறியாமலே பெறுகிறது. மற்றொரு மொழியை முயன்று கற்கிறது. அம்முயற்சியால் தாய்மொழியின் அமைப்பும் அதற்குப் புலனாகிறது. ஒரு மொழி மற்றொன்றுக்குப் பகையாகாது என்பதை இதனால் உணரலாம்.

இறுதி ஆண்டுகள்

புகழ்பெற்ற ஆய்வாளரான பின்னும், இளமையில் கைவிட்ட மருத்துவக் கல்வியை 1931 ஆம் ஆண்டு மாணவராக மீண்டும் தொடங்கினார். காசநோய் அதனை நிறைவு செய்ய விடவில்லை. 1934 ஆம் ஆண்டு சூன் 11 ஆம் நாள், முப்பத்தேழாம் வயதில் வைகாட்ஸ்கி இயற்கை எய்தினார். சிந்தனையும் பேச்சும் பற்றிய அவருடைய முதன்மை நூல் அதன் பின்னரே அச்சேறியது. 1936 ஆம் ஆண்டு முதல் சோவியத் அரசின் கொள்கையால் அவருடைய நூல்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்கிழந்து கிடந்தன. 1956 இல் மீண்டும் வெளிவந்து, 1962 இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபின், அவருடைய கருத்துகள் உலகெங்கும் பரவின. இன்று இந்தியாவில் ஆசிரியப் பயிற்சி பெறுவோரும் அவற்றைக் கற்கின்றனர்.

துறை மாறிய வைகாட்ஸ்கி, தாம் முன்பு கற்ற எதனையும் வீணென்று கருதவில்லை. இலக்கியம் அவருக்கு வினாவைத் தந்தது. உளவியல் விடை தேடும் வழியைத் தந்தது.

சொற்பொருள்
மெய்யியல் – தத்துவம். பேணுதல் – பாதுகாத்தல். திங்கள் – மாதம். புலனாதல் – தெரிதல்

வினாக்கள்
1. வைகாட்ஸ்கிக்குப் பல்கலைக்கழக இடம் எவ்வாறு கிடைத்தது? அம்முறை சரியானதா? காரணம் கூறுக.
2. டிராம் வண்டி வரைந்த சிறுவனின் நிகழ்ச்சி உணர்த்துவது யாது?
3. பிறர் உதவியால் நீ கற்று, இன்று தனித்துச் செய்யும் செயல் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.