திருநீற்றுப் புதனில் உயிர் நீத்த அருளானந்தர்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாளோடு கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்குகிறது. முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று வீட்டுக்கு எடுத்துச் சென்ற ஓலைகளைத் திரும்பக் கொண்டுவந்து எரித்து, அந்தச் சாம்பலையே பூசுவது வழக்கம். இப்போது அந்நாளைத் திருநீற்றுப் புதன் என்கிறோம். வயதானவர்கள் பலருக்கு அது இன்னும் விபூதிப் புதன்தான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக 40 நாள்கள். ஒருசந்தி, சுத்தபோசனம், வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, ஏழைகளுக்கென்று ஒதுக்கும் காணிக்கை என அந்த நாள்கள் நகரும். கோலாலம்பூர் புடு அந்தோணியார் ஆலயத்திலும், 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்ட சிங்கப்பூர் லூர்து அன்னை ஆலயத்திலும், தோட்டப்புறச் சிற்றாலயங்களிலும் இந்த நோன்பைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் காத்து வருகிறார்கள்.

இந்தப் புதன்கிழமைக்கும் தமிழ் மண்ணுக்கும் இடையே ஓர் இரத்த உறவு உண்டு. 1693-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-இல் வந்தது. அந்தப் பெருவிழா அதற்கு முன்னால் வரவே முடியாது. ஆகவே அந்த ஆண்டின் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4-ஆம் தேதியே வந்துவிட்டது. அன்றுதான் மறவர் நாட்டு ஓரியூரில், 45 வயதுத் துறவி ஒருவர் தலை வெட்டப்பட்டு இறந்தார். போர்த்துகல் நாட்டில் அவருக்கு இட்ட பெயர் ஜான் டி பிரிட்டோ. தமிழ் மக்கள் அவரை அருளானந்தர் என்று அழைத்தார்கள்.

அரண்மனையில் வளர்ந்த பிள்ளை

அருளானந்தர் 1647 மார்ச் 1-ஆம் தேதி லிஸ்பனில் பிறந்தார். செல்வாக்குள்ள பிரபுக் குடும்பம். தந்தை பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்கு ஆளுநராகச் சென்று அங்கேயே காலமானார். அப்போது மகன் சிறு குழந்தை. தாயார் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். சிறுவன் ஜான் அரண்மனைக்குச் சேவகப் பிள்ளையாக அனுப்பப்பட்டு, இளவரசர் பெத்ருவின் தோழனாக வளர்ந்தார்.

ஒருமுறை அவர் கடும் நோயில் விழுந்தார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக்குச் சேசு சபைத் துறவிகளைப் போல் அங்கி உடுத்த வைப்பதாகத் தாயார் புனித பிரான்சிஸ் சவேரியாரை வேண்டிக்கொண்டார். இந்தச் சவேரியார் நமக்கு அந்நியரல்லர். 1545-இல் மலாக்காவுக்கு வந்து பணி செய்தவர். இறந்தபின் அவருடைய உடல் சில மாதங்கள் மலாக்காவின் செயிண்ட் பால் குன்றில்தான் இருந்தது. பையன் பிழைத்தான். அரண்மனைக்குள் ஓராண்டு துறவி உடையில் நடமாடினான்.

அந்த உடை விளையாட்டாகப் போய்விடவில்லை. 1662-இல், 15 வயதில், அவர் சேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். தாயார் அழுது தடுத்துப் பார்த்தார். பயனில்லை. கோவாவில் சிறிது காலம் படித்துவிட்டு, 1674-இல் தமிழகத்தின் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

ஆண்டு முழுவதும் நோன்பு

மதுரை மிஷனுக்கு 1606-இல் வழி திறந்தவர் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இராபர்ட் டி நொபிலி. ஐரோப்பியர்கள் மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, தோல் காலணியோடு நடமாடியதால் உள்நாட்டு மக்கள் அவர்களை ஒதுக்கிப் பறங்கியர் என்றார்கள். அந்தப் பெயரோடு எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார முடியாது என்பதை நொபிலி உணர்ந்தார். காவி உடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, சைவ உணவுக்கு மாறினார். ஆனால் அவர் தேர்ந்தது பிராமண சந்நியாசி வாழ்வு. அதனால் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியாமல் போனது. அந்தக் குறையை ஈடுகட்ட 1640-இல் பண்டாரசாமிகள் என்ற பிரிவு தோன்றியது. பண்டாரசாமிகள் பல சாதியினரோடும் பழகலாம். அருளானந்தர் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்.

அரண்மனையில் உண்டு வளர்ந்தவர் சோறும் காய்கறியும் மட்டும் உண்டார். இறைச்சி இல்லை, மீன் இல்லை, மது இல்லை. காவி அங்கி, தலைப்பாகை, கையில் கழி. வெறுந்தரையில் உறக்கம். ஊர் விட்டு ஊர் கால்நடையாகவே போனார். நாம் 40 நாள்கள் கடைப்பிடிக்கும் சுத்தபோசனம் அவருக்கு ஆண்டு முழுவதும் இருந்தது.

இதைத் தவம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அவர் எதை விட்டாரோ, அதை விட்டதால் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவு திறந்தது. இறைச்சியை விட்டதால் உழவர் குடிசையில் உட்கார முடிந்தது. பட்டாடையை விட்டதால் அவரைப் பார்த்து மக்கள் ஓடி ஒளியவில்லை. ஒறுத்தல் அவரைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதற்காகச் சாதிச் சுவர் இடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அக்காலச் சபைக்குள்ளும் பிரிவினை இருந்தது. தாழ்த்தப்பட்டோரைச் சந்திக்கப் பல வேளைகளில் இருட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருட்டிலும் அவர்களைத் தேடிப் போனதே பண்டாரசாமிகளின் பணி.

உபதேசியார் தாங்கிய சபை

அன்றைய மதுரை மிஷன் பரந்த நிலப்பரப்பு. குருக்களோ ஒரு சிலர். ஓர் ஊருக்குக் குரு வந்துபோனால், மறுபடி வர மாதக்கணக்கில் ஆகும். பாவசங்கீர்த்தனம் செய்யவும் நற்கருணை வாங்கவும் மக்கள் நாள்கணக்கில் நடந்து அவர் தங்கியிருக்கும் இடத்துக்கு வந்தார்கள். பகலெல்லாம் போதனை, இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம் என்று அவருடைய நாள்கள் கழிந்தன.

குரு இல்லாத நாள்களில் சபையைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவது, சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் அமர்வது, குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. குரு கைதானால் அவரோடு சேர்ந்து அடி வாங்கியவர்களும் அவர்களே.

இந்த ஏற்பாடு மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் புதிதாக இராது. பாதிரியார் எப்போதாவது மட்டும் வந்துபோன தோட்டங்களில் ஜெபமாலை சொன்னதும், பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை நடத்தியதும் அங்கிருந்த பெரியவர்கள்தான். பகலில் பால் மரம் வெட்டியவரே மாலையில் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

முதல் சிறை

1685-இல் அருளானந்தர் மதுரை மிஷனின் தலைவரானார். மறுஆண்டு, குருக்கள் நெடுநாள் நுழைய முடியாதிருந்த மறவர் நாட்டுக்குள் அவரே சென்றார். அப்போது இராமநாதபுரத்தை ஆண்டவர் கிழவன் சேதுபதி என்று வரலாறு கூறும் இரகுநாத தேவர்.

1686 ஜூலையில் அருளானந்தரும் அவருடைய உபதேசியார்களும் மங்கலம் என்ற ஊரருகே பிடிபட்டார்கள். கட்டி வைத்து அடித்தார்கள். கயிற்றில் பிணைத்துத் தண்ணீரில் முக்கினார்கள். யாரும் மறுதலிக்கவில்லை. மரணத் தண்டனை நிறைவேறும் முன் வழக்கு சேதுபதியிடம் போனது. மன்னர் துறவியை அழைத்து அவருடைய போதனையைக் கேட்டார். கேட்டபின் கொல்ல மனம் வரவில்லை. இனி மறவர் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார்.

லிஸ்பனிலும் காவி

மிஷனின் நிலையை எடுத்துச் சொல்ல அருளானந்தர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1688-இல் லிஸ்பன் சேர்ந்தார். சிறுவயதுத் தோழர் பெத்ரு இப்போது போர்த்துகலின் மன்னர். அரண்மனை அவரைக் கொண்டாடியது. அங்கேயே தங்கி இளவரசனுக்கு ஆசானாக இருக்குமாறு மன்னர் கேட்டார். தாயாரும் உயிரோடு இருந்தார்.

அவரோ சொந்த ஊரிலும் தமிழ்நாட்டுத் துறவி போலவே வாழ்ந்தார். இறைச்சியையும் மதுவையும் தொடவில்லை. மறுபடி பழகிவிட்டால் திரும்பிப் போகும்போது விடுவது கடினம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியர் பதவியை மறுத்து 1690-இல் மீண்டும் கப்பலேறினார். எங்கே போகக் கூடாது என்று கட்டளை இருந்ததோ, அந்த மறவர் நாட்டுக்கே 1691-இல் வந்து சேர்ந்தார். காட்டுக்குள் ஓலைக் குடில் போட்டு, இடம் மாற்றி இடம் மாற்றித் தங்கினார். ஆயிரக்கணக்கானோர் அவரைத் தேடி வந்தார்கள்.

தடியத் தேவரின் வீட்டில் எழுந்த புயல்

அப்படி வந்தவர்களுள் ஒருவர் தடியத் தேவர். அரச குலத்தவர். சேதுபதியின் அரியணைக்கே உரிமை கொண்டாடக் கூடியவர். தீராத நோயில் கிடந்தவரிடம் உபதேசியார் ஒருவர் சென்று ஜெபித்தார். நோய் நீங்கியது. தேவர் ஞானஸ்நானம் கேட்டார்.

அருளானந்தர் உடனே கொடுத்துவிடவில்லை. தேவருக்கு மனைவியர் பலர். கிறிஸ்தவராக வேண்டுமானால் ஒருவரோடு மட்டும் வாழ வேண்டும் என்றார். தேவர் ஒப்புக்கொண்டு, முதல் மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்தார். 1693 ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களுள் இளையவர் கதலி. சேதுபதியின் உறவுப் பெண். அவருடைய கோபத்தைப் பொறாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் தன் தவறு எதுவுமின்றி ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்த பெண் அவர். அரண்மனைக்குப் போய் முறையிட்டார். சேதுபதிக்கோ இது குடும்ப விவகாரத்தோடு முடியவில்லை. தம் அரியணைக்குப் போட்டியாகக் கூடியவர், தாம் தடை செய்த துறவியின் சீடராகிவிட்டார். அவர் பின்னால் எத்தனை பேர் திரள்வார்கள் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

ஜனவரி 8-ஆம் தேதி அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்துக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கே கொன்றால் தடியத் தேவரின் ஆட்கள் கிளர்ந்தெழலாம். ஆகவே நாடு கடத்துவது போல் காட்டி, ஓரியூரில் அதிகாரம் செலுத்திய தம் சகோதரர் உடையார் தேவரிடம் சேதுபதி அவரை அனுப்பினார். கொன்றுவிடுமாறு இரகசியக் கட்டளையும் கூடவே போனது.

சிறையில் இருந்தபடி பிப்ரவரி 3-ஆம் தேதி அருளானந்தர் தம் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். தம்மீது சாட்டப்பட்ட குற்றம் தம் கடமையே என்பதால் சாவை மகிழ்ச்சியோடு ஏற்பதாகத் தெரிவித்தார். மறுநாள் விடிந்தது தவக்காலத்தின் முதல் நாள். பாம்பாற்றங்கரை மணல்மேட்டுக்கு அவரை நடத்திச் சென்றார்கள். சற்று நேரம் முழந்தாளிட்டு ஜெபித்தார். எழுந்து, தண்டனை நிறைவேற்ற வந்தவரைத் தழுவிக்கொண்டார். பிறகு கழுத்தை நீட்டினார்.

செய்தி லிஸ்பனை எட்டியபோது அவருடைய தாயார் துக்க உடை உடுக்காமல், திருநாளுக்குப் போவது போல் அணிந்து அரண்மனைக்குச் சென்றார் என்று சொல்லப்படுகிறது.

சிவந்த மணல்

1853-இல் அவர் அருளாளராகவும், 1947 ஜூன் 22-இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அவருடைய திருநாள் பிப்ரவரி 4. ஓரியூர் இன்று இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் உள்ள திருத்தலம். அங்குள்ள மணல் சிவப்பாக இருப்பதை அவருடைய இரத்தத்தோடு சேர்த்தே மக்கள் பேசுகிறார்கள். நோய் தீர வேண்டிக்கொண்டு அந்த மண்ணை எடுத்துச் செல்கிறார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அங்கே வந்து கும்பிடுகிறார்கள்.

அவர் இறந்தபின் பிப்ரவரி 4-இல் திருநீற்றுப் புதன் வந்தது 1761-இலும் 1818-இலும் மட்டுமே. அடுத்து 2285-இல்தான் வரும். ஆக, இன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் எவரும் அந்த இரண்டு நாளையும் ஒரே நாளாகக் காணப் போவதில்லை.

ஆனால் ஒருசந்தியன்று விட்ட ஒருவேளை உணவு இன்னொருவர் தட்டுக்குப் போய்ச் சேரும்போதும், சிலுவைப் பாதை முடிந்ததும் வராமல் போன பக்கத்து வீட்டு முதியவரைத் தேடி யாரேனும் படியேறும்போதும், ஓரியூர்த் துறவி கடைப்பிடித்த நோன்பு தொடரத்தான் செய்கிறது.