அளந்து ஆண்ட அரசன்

சென்னையிலிருந்து கடலோரமாகப் புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்து உப்பளங்களில் வெண்ணிறக் குவியல்களைக் காண்பர். அளம் என்பது உப்பு விளையும் நிலத்துக்குரிய பழந்தமிழ்ப் பெயர். சோழர் காலத்தில் அவ்விளைவுக்கும் வரி உண்டு. அதனை உப்பாயம் என்றனர். அவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலில் உள்ள சோழர் கல்வெட்டுகளுள் முதலாம் இராசராசன் காலத்தனவும் அடங்கும். உப்பாயினும் நெல்லாயினும், குடிகள் கொடுப்பது எவ்வளவு, அது சென்று சேர்வது எங்கே என்பதை அளந்தறிந்து ஆண்ட மன்னன் அவன்.

அருண்மொழி என்னும் இயற்பெயருடைய இராசராசன், சுந்தர சோழனின் மைந்தன். 985-இல் அரியணை ஏறினான். அவன் போர்களை யாவரும் அறிவர். அவற்றினும் அரியதாக நாம் கருதத்தக்கது, 1001-ஐ ஒட்டி அவன் நாடெங்கும் நடத்திய நில அளவை. அதற்குத் தலைமை தாங்கிய சேனாபதி உலகளந்தான் எனப் பெயர் பெற்றான். ஒரு வேலி நிலத்தை ஐயாயிரங் கோடிக்கு மேற்பட்ட கூறுகளாக்கி, அத்துணைச் சிறு பின்னம் வரை கணக்கெழுதினர். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கே வரி விதித்தனர். விளையாத மண்ணுக்கு உழவன் வரி இறுக்க வேண்டுவதில்லை.

1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களோ ஒரு பெருங் கணக்கேடு! பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் எடைக்கல் இருந்தது. அணிகலனுள் அரக்கு இருப்பின் அதுவும் குறிக்கப்பட்டது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடல் மகளிர் 400 பேருக்கும் ஆண்டுக்கு நூறு கல நெல் வீதம் பங்கு உண்டு. ஒருவர் இறப்பின் அவர்தம் உறவினர் அப்பணியைப் பெறுவர். ஆனால் அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரே அமர்த்தப்படுவர். பணி எது, அதைச் செய்பவர் யார், பெறும் ஊதியம் என்ன என்பன எல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டமையால், எவரும் பின்னர் மாற்றியுரைக்க இயலவில்லை.

அவன் கட்டளைகளுள் கடியனவும் உண்டு. இரண்டு ஆண்டுகள் நிறைந்தும் வரி இறுக்காதவர் நிலத்தை ஊராரே விற்கலாம் என அவன் பணித்ததை, செய்யாற்றை அடுத்த உக்கல் ஊர்க் கல்வெட்டு தெரிவிக்கின்றது. மழை பொய்த்தால் எளிய உழவன் என் செய்வான்? அளவுகோல் அவன் துயரை அளந்ததாகத் தெரியவில்லை.

இராசராசன் 1014-இல் மறைந்தான். 1086-இல் முதற் குலோத்துங்கன் நிலத்தை மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுப்பித்ததும் அவ்வாண்டிலேயே.