அண்ணலின் மாணவப் பருவம் காட்டும் வழி

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு அண்ணல் அம்பேத்கரைப் பற்றிக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு விழாக் குழுவினர் கேட்டனர். அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவராக அவரை நாடறியும். மகாத் குளத்து நீருக்காகப் போராடிய தலைவராகவும் நம்மவர் அறிவர். ஆயின், அவர் கல்லூரி மாணவராக இருந்த ஆண்டுகளையும், அவருடைய படிப்பு இடையில் நின்றுபோன காலத்தையும் அறிந்தோர் நம்மிடையே சிலரே. அதனை எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் நம் பழைய மாணவர் ஒருவர் மதிப்பெண் பட்டியலின் நகல்களில் சான்றொப்பம் பெறப் பள்ளிக்கு வந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவு வேலை பார்ப்பதாகச் சொன்னார். தந்தையாருக்கு உடல்நலமில்லை; குடும்பத்தை அவர்தாம் காக்கவேண்டும். மீண்டும் எப்போது படிப்பீர் என்று வினவினோம். பிறகு பார்க்கலாம் ஐயா என்றார். வேலைக்குச் சென்றதில் குற்றமில்லை. அந்தப் ‘பிறகு’ என்பதற்கு நாளும் இல்லை, மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை என்பதே நம்மை வருத்தியது. அண்ணலின் படிப்பும் அவ்வாறே நின்றது. ஆனால் அவரிடம் ஒரு கெடு இருந்தது.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்தியப் பிரதேசத்து மாவ் என்னும் படைநகரில் இராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காம் பிள்ளையாகப் பிறந்தார் பீமராவ். தந்தையார் படைத்துறைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய சுபேதார். சாத்தாராவில் பள்ளியில் சேர்ந்த சிறுவன், தான் அமரும் கோணியை வீட்டிலிருந்தே சுமந்து சென்றான். பள்ளிப் பணியாள் தண்ணீர் ஊற்றினால் குடிக்கலாம். பணியாள் வராத நாளில் தாகத்தோடு இருக்கவேண்டும்.

பின்னர் குடும்பம் பம்பாயில் பரேல் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஆலைச் சங்கும் புகைபோக்கியும் நிறைந்த அந்தத் தொழிலாளர் குடியிருப்பை நம் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சமையலுக்கும் உறக்கத்துக்கும் படிப்புக்கும் ஒரே அறை. மகன் முன்னிரவில் உறங்குவார். தந்தையார் விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். விடியும்வரை மண்ணெண்ணெய் விளக்கொளியில் படிப்பு நடந்தது. இடமில்லாத வீட்டில் நேரத்தைப் பங்கிட்டு இடம் உண்டாக்கிக் கொண்டனர் தந்தையும் மகனும்.

1907இல் அவர் மெட்ரிக்குலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750க்கு 282. குறைந்த மதிப்பெண் பெற்றதால் தமக்குக் கல்லூரி எதற்கு என்று சோர்ந்திருக்கும் மாணவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும். எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தபின், கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகையின் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். 1912இல் பீமராவ் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில், நள்ளிரவில் எழுப்பிப் படிக்க வைத்த தந்தையார் மறைந்தார்.

அதே 1913இல் பரோடா அரசு, மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகையோடு அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. படித்து வந்தபின் பத்தாண்டுகள் அரசுப்பணி செய்யவேண்டும் என்பது உடன்படிக்கை. மூன்றே ஆண்டுகள் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்களுக்குப் பதிந்துகொண்டார். வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் ஆகியவற்றையும் பயின்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. கையில் மிஞ்சிய காசில் பழைய புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார். 1916இல் லண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும், பாரிஸ்டர் படிப்புக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார்.

ஓராண்டுதான் கடந்தது. உதவித்தொகைக் காலம் முடிந்தது. திரும்பி வருமாறு பரோடா அழைத்தது. இந்த இடத்தில் அவர் செய்த செயலையே நம் இளைஞர்கள் உற்று நோக்கவேண்டும். கண்ணீரோடு மூட்டை கட்டிக்கொண்டு அவர் கப்பல் ஏறிவிடவில்லை. விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர, 1917 அக்டோபர் முதல் நான்காண்டுகளுக்குள் திரும்பி வரலாம் என்று பல்கலைக்கழகத்தின் அனுமதியைப் பெற்றுக்கொண்ட பின்னரே புறப்பட்டார். படிப்பு நின்றது, கதவு மூடப்படவில்லை.

தாய்நாட்டில் அவரை வரவேற்றவை இழப்பும் இழிவுமே. அது முதல் உலகப்போர்க் காலம். அவருடைய புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. பரோடாவில் உயர்பதவி கிடைத்தது. தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கும்பல் அவரை வெளியேற்றியது. செல்ல இடமின்றிப் பூங்காவொன்றில் அமர்ந்து பொழுதைக் கழித்துவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார். கொலம்பியாவின் எம்.ஏ. பட்டதாரிக்கு நேர்ந்த நிலை இது.

1918 நவம்பரில் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர் பணி அமைந்தது. ஆங்கும் ஆசிரியர்களுக்கான பானையில் அவர் நீரருந்துவதை எதிர்த்தோர் இருந்தனர். அவமானத்தை அவர் மறந்தாரில்லை. எனினும் அதற்காகக் கெடுவைத் தவறவிடவும் இல்லை. சம்பளத்தில் குடும்பத்துக்கு அளந்து கொடுத்து எஞ்சியதைச் சேமித்தார். அந்தச் சுருங்கிய செலவில் இல்லறம் நடத்தியவர் இரமாபாய் அம்மையார். அவருடைய பட்டினியும் பொறுமையும் அண்ணலின் பட்டங்கள் ஒவ்வொன்றிலும் கலந்துள்ளன. சேமிப்புப் போதவில்லை. கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் உதவினார். கொலம்பியாவில் உடன் பயின்ற பார்சி நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல், கெடு முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, அண்ணல் மீண்டும் லண்டன் சென்றடைந்தார்.

நூலகம் திறக்கும் வேளையில் நுழைந்து மூடும் வேளையில் வெளிவருவார். அரைவயிற்று உணவோடு இரவிலும் படிப்பார். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார், 1922இல் பாரிஸ்டரானார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைத் திருத்தித் தருமாறு தேர்வாளர்கள் கூறினர். அதற்குள் பணம் தீர்ந்துவிட்டதால் 1923இல் தாயகம் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பி, அவ்வாண்டின் இறுதியில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். கொலம்பியாவில் தொடங்கிய முனைவர் பட்டம் 1927இல்தான் முழுமை பெற்றது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு ஆண்டுகள்! வறுமை குறுக்கிட்ட படிப்புக்குக் காலம் மிகும். காலம் மிகுந்ததனால் பட்டத்தின் மதிப்புக் குறைந்துவிடாது.

தாம் பட்ட பாட்டை அவர் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1924இல் ஒடுக்கப்பட்டோர் நலச் சபையை நிறுவினார். 1930இல் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் நம் இரட்டைமலை சீனிவாசனாரோடு அமர்ந்து உரிமைக்குக் குரல் கொடுத்தார். 1942இல் வைசிராய் ஆட்சிக்குழுவில் உறுப்பினரான பின், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி வேண்டுமென வலியுறுத்தினார். 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை இன்று பெறும் நம் மாணவர்கள் அதன் வேரை அறிதல் வேண்டும். 1945இல் மக்கள் கல்விச் சங்கத்தையும், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவி, டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே! நம் வடசென்னையில் வியாசர்பாடி அரசு கலைக் கல்லூரி அண்ணலின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் படத்துக்கு மாலையிடுவதோடு, அவர் செய்ததையும் நாம் செய்தல் வேண்டும். எந்தப் பட்டம், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு செலவில் என்று தாளில் எழுதுங்கள். நிற்கவேண்டிய நிலை வந்தால், கல்லூரி அலுவலகத்தில் திரும்பிச் சேரும் விதியையும், அரியர் தாள்களை எழுதி முடிக்கவேண்டிய கால வரம்பையும் கேட்டறியாமல் வெளியேறாதீர்கள். கூலியில் ஒரு பகுதியைக் கட்டணத்துக்கென ஒதுக்குங்கள். உதவி கேட்க நாணாதீர்கள். அண்ணலே நண்பரிடம் கடன் பெற்றார். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக இயங்குவதும் அதற்கே.

அன்று வந்த அந்த மாணவரிடம் இவற்றையெல்லாம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. வேலைக்கு நேரமாயிற்று என்று விடைபெற்றார். இம்மலர் அவர் கைக்கும் எட்டும் என நம்புகின்றோம். நகல்களில் நாம் ஒப்பமிட்ட இடத்துக்குக் கீழே சிறிது வெற்றிடம் உண்டு. அவர் திரும்பிச் செல்லும் மாதத்தையும் ஆண்டையும் அதில் தம் கையாலேயே எழுதிக்கொள்வாராக.