பேசும்படத்துக்குச் செவி கொடுத்தவர்

ஐக்கிய அரபு அமீரகத்தின் கீழைக் கரையில் அமைந்த துறைமுக நகரம் புஜைரா. அதன் முன்னே விரியும் ஓமான் வளைகுடாவுக்கு வடக்கே ஈரான். கடல்வழியே தென்கிழக்காகச் சென்றால் பம்பாய். பிழைப்புத் தேடி அங்கு வாழும் நம்மவர் பலருக்கு விடுமுறை இரவுகளில் துணையிருப்பது தமிழ்த் திரைப்படம். அதனை முதன்முதலிற் பேச வைத்தவர், அக்கரை ஈரானை மூதாதையர் நாடாகக் கொண்ட அர்தேஷிர் இரானி என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1886 டிசம்பர் 5ஆம் நாள் பூனாவில் சொராஸ்திரியக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பம்பாயில் ஓவியம் பயின்றபின், தந்தையாரின் போனோகிராப், இசைக்கருவி வணிகத்தில் இணைந்தார். ஓசையோடு அவருக்கு ஏற்பட்ட முதல் உறவு அதுவே எனலாம். பின்னர் திரையரங்கு நடத்தினார், மௌனப்படங்கள் தயாரித்தார், 1926இல் இம்பீரியல் பிலிம் கம்பெனியை நிறுவினார்.

இந்தியாவின் முதற் பேசும்படமாகிய ஆலம் ஆராவைத் தொடங்கியபோது, ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்த அமெரிக்காவிலிருந்து வில்போர்ட் டெமிங் என்னும் நிபுணர் வந்தார். நாளொன்றுக்கு 100 ரூபாய் என்ற அவரது ஊதியம் அக்காலத்திற் பெருந்தொகை. ஆகவே இரானி அவரிடமே தொழிலைக் கற்று, ருஸ்தம் பரூச்சாவின் துணையுடன் ஒலிப்பதிவைத் தாமே மேற்கொண்டார். முதலாளியே ஒலிப்பதிவாளரானார்.

அது எளிய பணியன்று. படமும் ஒலியும் ஒரே படச்சுருளில் ஒருசேரப் பதிந்தன. பிழையைப் பின்னர் திருத்த வழியில்லை. ஒலி புகாத அரங்கும் இல்லை. அருகே இரயிற் பாதை. எனவே வண்டிகள் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்னரே படப்பிடிப்பு நடந்தது. ஒலிவாங்கிகளை நடிகர்களுக்கு அருகில் மறைத்து வைத்தனர். ஆர்மோனியமும் தபேலாவும் வாசித்தோர் கமெராவின் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கியிருந்தனர். 1931 மார்ச் 14ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் படம் வெளியானபோது, திரண்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பொலிஸார் அழைக்கப்பட்டனர்.

அதே ஆண்டு அக்டோபர் 31இல் அவர் தயாரித்த காளிதாஸ் வெளியானது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில், திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி தமிழிற் பேசினார். உடன் நடித்தோர் தெலுங்கு முதலிய பிற மொழிகளிற் பேசினர். பல மொழி கலந்த அப்படமே தமிழின் முதற் பேசும்படம். 1933இல் அப்துல்ஹுசைன் செபந்தாவுடன் சேர்ந்து, பாரசீகத்தின் முதற் பேசும்படமாகிய துக்தரே லோரையும் இரானி பம்பாயிலேயே உருவாக்கினார். 1937இல் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் வண்ணப்படமான கிசான் கன்யாவைத் தந்தார். 1969 அக்டோபர் 14ஆம் நாள் மறைந்தார்.

தமிழும் பாரசீகமும் திரையில் முதன்முதல் வாய்திறந்தது தாய்மண்ணில் அன்று, பம்பாயில். ஒரு மொழியின் புதுப்பிறப்பு தூரதேசத்திலும் நிகழக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஆலம் ஆராவும் காளிதாஸும் ஒரு பிரதி கூட மிஞ்சாமல் அழிந்தன; பாரசீகப் படமோ பிழைத்திருக்கிறது. பதிவு செய்தால் மட்டும் போதாது, பாதுகாக்கவும் வேண்டும். ஊர் இழந்து வாழும் நம் இல்லங்களில் முதியோரின் குரல்கள் இன்னும் ஒலிக்கின்றன. அவற்றைப் பதிந்து காப்பது நம் கடன்.