வழி சமைத்த ஸ்கின்னர்

ஈழநாட்டுப் பெருந்தெருக்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் மேஜர் தோமஸ் ஸ்கின்னரை விடுத்து மேற்செல்லுதல் இயலாது. 1804ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துத் தீவிற் பிறந்த இவர், பீரங்கிப்படை அலுவலரான தந்தையாரைத் தொடர்ந்து இளம் பருவத்திலேயே திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார். பதினைந்து அகவையிற் படையிற் புகுந்தார். பொறியியலை எந்தக் கல்லூரியிலும் கற்றவரல்லர்.

1820இல் எட்வர்ட் பார்ன்ஸ் பதில் தேசாதிபதியானார். 1817-18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர், மலைநாட்டை ஆள வேண்டுமாயின் கொழும்பிலிருந்து கண்டிக்குச் செப்பமான வீதி வேண்டுமென அவர் துணிந்தார். அவ்வீதியின் ஒரு கூறு பதினாறு வயதினரான ஸ்கின்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கீழ்ப் பணிசெய்தோர் கண்டிக் குடிமக்கள். செய்து செய்தே அவர் தொழிலைக் கற்றார். கடுகண்ணாவையில் இன்றும் நிற்கும் கோபுரம் 1829இல் இறந்த கப்டன் டோசனுக்கு எடுத்தது, ஸ்கின்னருக்கன்று.

பின்னர் அவர் காடும் மலையும் நடந்தளந்து தேசப்படம் வரைந்தார். 1841இல் வீதி ஆணையாளரானார். மண் வெட்டியும் கல் உடைத்தும் உழைத்த பயனியர் படையிலே தென்னிந்தியத் தமிழர் பலர் இருந்தனர். காட்டுக் காய்ச்சலுக்கு இரையானோரும் பலர்.

வீதியை அமைத்தல் ஒருமுறை நிகழ்வது. பேணுதலோ ஆண்டுதோறும் நிகழ வேண்டுவது. வீதிக்குப் பெரும்பகை நீரே. நடுமேடு தாழ்ந்து, ஓர வாய்க்கால் தூர்ந்து, மதகு அடைபட்டதாயின், ஒரு மாரியிலே வண்டிச்சில்லுகள் தெருவைச் சேறாக்கிவிடும். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. ஒழித்தது அறமே. ஆயின் வாய்க்காலைத் தோண்டுவார் யார், அவர்க்குக் கூலி கொடுப்பார் யார் என்ற வினா எஞ்சிற்று.

தேசாதிபதி டொரிங்டன் காலத்து 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம் அதற்குத் தந்த விடை கடுமையானது. பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைத்தல் வேண்டும். அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் செலுத்துதல் வேண்டும். ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே அளவான தலைவரி இது. முதலிற் பௌத்த பிக்குகளையும் இது விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. தலைவர்களுள் ஒருவனான புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். சட்டமோ நிலைத்தது. மாகாண வீதிக் குழுக்களும் மாவட்ட வீதிக் குழுக்களும் அதன்வழியே இயங்கின.

சட்டத்தை இயற்றியவர் ஸ்கின்னர் அல்லர். ஆயினும் வீதித் திணைக்களத்தின் தலைவர் அன்று அவரே. அச்சட்டத்தின் பயனைப் பெற்றது அவர் வீதிகளே. அவருடைய ஆற்றலைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

பூநகரியார்க்கு இவை அயற்கதையல்ல. மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணஞ் சென்றோர், சங்குப்பிட்டியிலிருந்து கேரதீவுக்குப் பாதையேறிக் கடலேரியைக் கடந்தனர். 2011 ஜனவரியிலே 288 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. ஊருக்குள்ளே வயலையும் கரையையும் நாடிச் செல்லும் சிறு தெருக்களோ, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளன. கிறவல் பரப்புதல், குழி நிரப்புதல், மதகு திருத்துதல், ஓரப் புல் வெட்டுதல் என்பன அதன் கடன். உழவரும் மீனவரும் வாழும் ஊரிலே சபையின் சொந்த வருவாய் சிறிது. அரசின் மானியமின்றிப் பெருந்திருத்தம் இயலாது. கட்டாய ஊழியமும் தலைவரியும் போயின. வாய்க்கால் தோண்டும் செலவு போகவில்லை.

ஸ்கின்னர் 1867இல் பணிவிட்டு இங்கிலாந்து சென்றார். அவர் முதன்முதல் மண்வெட்டிக்காரரை மேற்பார்த்த நாளிலிருந்து அப்போது 47 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1877இல் பாத் நகரிற் காலமானார். ஐம்பது ஆண்டு இலங்கை வாழ்வைப் பற்றி அவர் எழுதிய தன்வரலாற்றை அவர் மகளார் 1891இல் அச்சேற்றினார்.