அம்பேத்கரின் நிலக்கணக்கு

பாடாலூரில் எங்கள் குடும்பத்துக்கு இருந்தது சிறிதளவு மானாவாரி நிலம். சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும். தாத்தாவுக்குப் பின் அது நான்கு துண்டாயிற்று. நிலம் துண்டாவதே வேளாண்மையின் நோய் என்று பாடநூலில் படித்தபோது எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. பொருளியல் ஆசிரியனாக அதையே பல ஆண்டுகள் வகுப்பில் சொன்னேன்.

ஒருமுறை அகமதிப்பீட்டுத் தேர்வில் மாணவர் ஒருவர், நிலம் துண்டாவது மூல நோயல்ல, வேறொரு நோயின் விளைவு என்று எழுதி, அம்பேத்கரைச் சான்று காட்டியிருந்தார். பாடத்திட்டத்தில் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அவர் அந்தக் கட்டுரையின் நகலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். முனைவர் பட்டம் பெற்ற நான் அதுவரை அதைப் படித்ததில்லை.

1891-இல் மாவ் படைமுகாமில் ஒரு சுபேதாரின் மகனாகப் பிறந்த அம்பேத்கர், பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே செலிக்மனிடம் பொருளியல் பயின்றார். சாதி பற்றிய ஆய்வுரையை 1916 மே மாதம் அவர் வாசித்ததோ மானிடவியல் கருத்தரங்கில். அகமண முறையே சாதியின் அடித்தளம் என்று அதில் நிறுவினார். பல்துறை ஆய்வு என்று நாம் இன்று மாநாடு கூட்டிப் பேசுவதை, இருபத்தைந்து வயதில் ஓசையின்றிச் செய்தவர் அவர்.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு, 1917-இல் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பினார். அந்த நகரில் அவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். தடியோடு வந்தவர்கள் அங்கிருந்தும் வெளியேற்றினார்கள்.

மறு ஆண்டில் வெளிவந்ததுதான் சிறு நிலவுடைமை பற்றிய அந்தக் கட்டுரை. துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்குவதே தீர்வு என்று வல்லுநர்கள் வாதிட்ட காலம் அது. நிலத்தின் பரப்பை மட்டும் வைத்து அது கட்டுப்படியாகுமா ஆகாதா என்று சொல்ல முடியாது என்றார் அம்பேத்கர். ஏரும் மாடும் மூலதனமும் உழைப்பும் அந்த நிலத்துக்குப் பொருந்தும் விகிதமே கணக்கு. வேறு வேலை இல்லாமையால் அளவுக்கு மீறிய மக்கள் நிலத்தைப் பற்றி நிற்கிறார்கள். உபரி உழைப்பைத் தொழில்துறை ஈர்த்துக்கொண்டால்தான் நிலத்தின் மீதான சுமை குறையும் என்பது அவர் முடிவு. ஆர்தர் லூயிஸ் 1954-இல் உபரி உழைப்பைப் பற்றி எழுதியதை ஆண்டுதோறும் நடத்தியவன் நான். அதன் கரு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தது.

1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான குடிநீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக ஆசிரியர் சிலர் ஆட்சேபித்தார்கள். மீண்டும் லண்டன் சென்று, ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் முனைவரானார். ரிசர்வ் வங்கியையே அவர்தான் உருவாக்கினார் என்று மேடைகளில் சொல்வது மிகை. ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் அளித்த சாட்சியமே போதிய பெருமை.

நிலத்தை அவர் விடவேயில்லை. சிறு மானிய நிலத்தைக் காட்டி மகர்களைப் பரம்பரை ஊர்ப்பணியில் கட்டிவைத்த வதன் முறையைத் திருத்த 1928-இல் மசோதா கொண்டுவந்தார். 1937-இல் கொங்கணத்துக் கோத்தி நிலவுடைமையை ஒழிக்க இன்னொன்று. 1947-இல் அரசமைப்பு அவைக்காக எழுதிய அறிக்கையில், நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடின்றிக் குத்தகைக்கு விடப்பட்டு, கூட்டுப்பண்ணையாக நடக்கவேண்டும் என்றார். கூட்டுப்பண்ணையில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நிலமற்றவரிலிருந்து கணக்கைத் தொடங்கும் அந்த வரிசை சரியானது. 1956 டிசம்பர் 6-இல் அவர் மறைந்தார்.

எங்கள் நிலம் நான்கு துண்டானதை நான் பெரிய இழப்பாகச் சொல்லிவந்தேன். அந்த மாணவரின் குடும்பத்துக்குத் துண்டாவதற்கே நிலம் இருந்ததில்லை. எங்கள் வெங்காயத்தை அறுத்துக் கட்டியவர்கள் அவர்கள்.

மதிப்பெண்ணைத் திருத்தினேன். கட்டுரையை வேளாண் பொருளியல் பாடத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தும் பார்த்தேன். அம்பேத்கரை அரசியல் அறிவியல் துறையில் நடத்துகிறார்களே என்று பதில் வந்தது. நான் ஓய்வுபெறும் வரை அங்கேதான் இருந்தார்.